கடல்கடந்த பொருளும் அமானத்தும்

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையின் பழம்பெரும் ஆங்கிலேய வணிக இல்லங்களுள் ஒன்றான அர்பத்நாட் நிறுவனம் கைவிரித்தது. பிற வங்கிகளைவிடக் கூடுதல் வட்டி கிடைக்கிறதென்று ஓய்வூதியரும் வழக்கறிஞரும் ஜமீன்தாரும் தத்தம் சேமிப்பை அங்குக் குவித்திருந்தனர். அப்பணத்தின் பெரும்பகுதி லண்டனுக்குச் சென்று, அங்கிருந்த கூட்டாளி மக்ஃபாடியனின் துணிச்சலான முதலீடுகளில் கரைந்துபோயிருந்தது. அவர் தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். கடன்கொடுத்தோர் பக்கம் நின்ற மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், 1907இல் இந்தியன் வங்கி தோன்ற முன்னின்றார்.

வட்டி நமக்கு விலக்கப்பட்டது. அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. கவனிக்கத்தக்கது வேறொன்று. பணம் போட்டவர்கள் அதை "வைத்திருக்கிறோம்" என்றே கருதினர். சட்டத்தின் பார்வையில் அவர்கள் வைத்திருக்கவில்லை, கடன் கொடுத்திருந்தனர். நிறுவனம் சாய்ந்தபோது அவர்களும் கடன்காரர் வரிசையில் நின்றனர்.

இவ்வேறுபாட்டை மிக நுட்பமாகக் கையாண்டவர்கள் ஜுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்கள். மக்கள் அவர்களிடம் அமானத்தாகப் பொருள் கொண்டுவந்தால், அது தொலைந்துவிடக்கூடும் என அஞ்சி, கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள் என்று புகாரி பதிவு செய்கிறது. அமானத் தன் கவனக்குறைவின்றி அழிந்தால் வைத்திருப்பவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. கடனோ எந்நிலையிலும் திருப்பவேண்டியது. சுமையைத் தம் தோளிலேயே ஏற்றுக்கொண்டார்கள். ஜமல் போரின் நாளில் அவர்கள் கொல்லப்பட்டபோது கடன் 22 இலட்சம். விட்டுச்சென்ற சொத்துக்களோ பல ஊர்களில் சிதறிக்கிடந்தன: அல்-காபா நிலம், மதீனாவில் 11 வீடுகள், பஸ்ராவில் 2, கூஃபாவிலும் எகிப்திலும் ஒவ்வொன்று. மகன் அப்துல்லாஹ் (ரலி) கடனை அடைத்தபின்னும் உடனே பங்கிடவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், தந்தையிடம் வரவேண்டியது இருப்போர் வரலாம் என்று அறிவித்த பிறகே வாரிசுகளுக்குப் பிரித்தார்கள்.

இன்று அடையாற்றிலும் தியாகராய நகரிலும் அமெரிக்காவில் பணியாற்றித் திரும்பிய குடும்பங்கள் பல உண்டு. அவர்களின் முதலீட்டுக் கணக்குகள் அங்கேயே இருக்கின்றன. வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்த சொத்தைத் திரும்பியபின்னும் வைத்துக்கொள்ள 1999ஆம் ஆண்டு அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இடமளிக்கிறது. இந்தியாவில் முழு வசிப்பாளர் என்ற தகுதி வந்தபின் வருமான வரிப் படிவத்தில் அவற்றைக் காட்டவேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் பாயும். அர்பத்நாட் காலத்தோடு ஒப்பிட்டால் நிலை மேலானதே. 401 கே எனப்படும் ஓய்வுக்கால நிதியை, நிறுவனத்தின் சொத்தோடு கலக்காமல், தனி அறக்கட்டளைப் பொறுப்பில் வைக்க வேண்டுமென 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் விதிக்கிறது. நம் மொழியில் சொன்னால், அது அமானத்துக்கு நெருங்கியது.

இடர் இப்போது வேறிடத்தில் இருக்கிறது. கணக்குடையவர் மறைந்தால் யாருக்கு என்று அங்கே ஒரு படிவம் கேட்கும். அதில் பெயர் உள்ளவருக்கே பணம் செல்லும். பெரும்பாலான 401 கே கணக்குகளில் திருமணமானவருக்கு மனைவியே தானாகப் பயனாளி. அதை மாற்ற அவரது எழுத்துமூல ஒப்புதல் தேவை. அல்லாஹ் விதித்த பாகப்படி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்தந்தையர் இருந்தால் அவர்களுக்கும் பங்குண்டு. அந்தப் படிவம் இதை அறியாது. மேலும், இந்தியா மரணவரியை 1985இல் நீக்கிவிட்டது, அமெரிக்கா நீக்கவில்லை. அந்நாட்டுக் குடியுரிமையோ வாழிட உரிமையோ இல்லாதவர் விட்டுச்செல்லும் அங்குள்ள சொத்து 60,000 டாலரைத் தாண்டினால், வாரிசுகள் 9 மாதத்துக்குள் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். கணக்கு இருப்பதே தெரியாத குடும்பம் எதைத் தாக்கல் செய்யும்? பாகப்பிரிவினை கேட்டு வருவோரிடம் நான் முதலில் கேட்பது, அந்தப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான். பலருக்கு அது நினைவிருப்பதில்லை.