182 மீட்டர் உயரம், ஒரு தேசத்தின் தொப்புள்

அயர்லாந்து வரைபடத்தோட நட்டநடுவுல விரலை வைங்க. கிட்டத்தட்ட அங்கதான் இஷ்னாக் குன்று இருக்கு. இடம் வெஸ்ட்மீத், 'ஏரிகளின் மாவட்டம்'னே அதுக்குப் பேரு.

உயரம் வெறும் 182 மீட்டர்தான். ஆனா சுத்தி எல்லாம் தாழ்வான நிலம். மேகம் இல்லாத நாள்ல மேல நின்னா என்னெல் ஏரியில இருந்து 20 மாவட்டங்கள் வரைக்கும் கண்ணுக்குப் படும்னு சொல்வாங்க. அயர்லாந்துல மொத்தமே 32தான்!

தென்மேற்குச் சரிவுல பனியாறு இழுத்து வந்து போட்ட ஒரு பெரிய சுண்ணாம்புப் பாறை இருக்கு. எலி மேல பாயப்போற பூனை மாதிரி இருக்கறதால 'பூனைக்கல்'. பழைய ஐந்து நாடுகளும் சந்திச்ச இடம் இதுதான்னு ஐதீகம். 12ஆம் நூற்றாண்டில் ஜெரால்ட் என்ற வேல்ஸ் பாதிரியார் இதை 'அயர்லாந்தின் தொப்புள்' என்றே எழுதினார். (தொப்புள்ங்கறது ஒரு தழும்புதான். ஆனாலும் எல்லாருக்கும் அது மேல ஒரு பாசம்.)

டாக்டரா எனக்குப் பிடிச்ச பகுதி இனிமேதான்.

மே மாதப் பிறப்பில் இரண்டு தீ மூட்டி, நடுவுல மாடுகளை ஓட்டுவாங்களாம். அந்த வருஷம் நோய் அண்டாம இருக்க! சிரிக்காதீங்க. அன்னைக்கு அங்க சொத்துன்னாலே மாடுதான். கி.பி. 700 வாக்கில் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்ததை அவர்களுடைய ஆண்டுக்குறிப்புகளே சொல்கின்றன. தடுப்பூசி இல்லாத காலத்துல வேற என்னதான் செய்வாங்க? 1925இல் தொடங்கிய அகழாய்வில் குன்றின் மேல் சாம்பல் படலமும் விலங்கு எலும்புகளும் கிடைத்தன. 'அந்தத் தீயேதான்' என்றார்கள் தோண்டியவர்கள். சாம்பல் எதுக்காக எரிஞ்சதுன்னு சொல்லாதுங்கறது என் கட்சி.

அடுத்தது மனுஷங்களுக்கான வைத்தியம். 1136 வாக்கில் ஜெஃப்ரி என்பவர் ஒரு கதை எழுதினார். அயர்லாந்தின் கில்லாரஸ் மலையில் ஒரு கல்வட்டம். கல்லுமேல தண்ணி ஊத்தி, அதுல குளிச்சா நோயும் காயமும் ஆறிடும். அதைத்தான் மெர்லின் மந்திரவாதி பெயர்த்துக்கொண்டு போய் இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சாக நட்டாராம்! இஷ்னாக் அடிவாரத்து ஊர் பேரு கில்லேர். அதனால அந்த மலை இதுதான்னு பலர் சொல்றாங்க.

கல்லையே கேட்டுட்டாங்க விஞ்ஞானிகள். ஸ்டோன்ஹெஞ்சோட சின்னக் கற்கள் வேல்ஸ்ல இருந்து வந்தவை. பெரியவை பக்கத்து ஊர்ப் பாறை. நடுவுல கிடக்கற பலிபீடக்கல் ஸ்காட்லாந்துன்னு 2024லதான் தெரிஞ்சது. ஐரிஷ் கல் ஒண்ணுகூட சிக்கல.

பூனைக்கல் மட்டும் அதே சரிவுல, பாயாமலே உட்கார்ந்திருக்கு.