ஆக்‌ஷன் ஃபிகர்

காணை என்ற ஊர்ப் பக்கத்துத் திருவிழாக் கடைகளில் ஸ்பைடர்மேனும் பொம்மைதான், தலையாட்டிச் செட்டியாரும் பொம்மைதான். ஸ்பைடர்மேனைப் பொம்மை என்பது சேகரிப்பவர் காதில் விழுந்தால் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று திருத்துவார். கடைச்சரக்கு விற்கப் பிறந்த சொல் இது. 1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம், ஜி.ஐ. ஜோ என்ற வீரன் பொம்மையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, 'டால்' என்றால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று பயந்து வைத்த பெயர். 'ஆக்‌ஷன்' என்றாலும் சண்டையைவிட அசைவே இதில் முக்கியம்: கழுத்து, தோள், முழங்கை, முழங்கால் மடங்க வேண்டும். மதிப்புரைக்காரர்களும் மூட்டுகளைத்தான் முதலில் ஆட்டிப் பார்க்கிறார்கள். தொளதொளவென்றிருந்தால் நிறுத்திய இடத்தில் நிற்காது. அசையும் உருவுக்குத் தமிழில் பெயர் இல்லாமலில்லை. கயிற்றில் ஆடும் மரப்பாவை திருக்குறளிலேயே (1020) வருகிறது. ஆனால் 'பாவை' பெண்ணையும் குறிக்கும். பேட்மேன் பிரியர்கள் ஒப்பமாட்டார்கள்.