'ஐ7' ஸ்டிக்கரை நம்பி லெப்டொப் வாங்கலாமா?

தெஹியோவிட்டவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளுக்காக, பெற்றோர் சீட்டுப் பணத்திலோ நகையை அடகு வைத்தோ பாவித்த லெப்டொப் வாங்குகிறார்கள். "ஐ7 என்றால் ஐ3ஐ விட நல்லதுதானே?" என்பதே என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. எப்போதும் அப்படியில்லை.

புரொசசர் செய்வது மூன்று வேலைகள்தான்: கட்டளையை எடுப்பது, அதைப் புரிந்துகொள்வது, நிறைவேற்றுவது. இதற்குத் தாளம் போடுவது உள்ளே இருக்கும் கடிகாரத் துடிப்பு. 3 கிகாஹேர்ட்ஸ் என்றால் நொடிக்கு 300 கோடி துடிப்புகள். ஆனால் ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது புரொசசரின் வடிவமைப்பைப் பொறுத்தது. ஒரே கிகாஹேர்ட்ஸ் உள்ள பழையதும் புதியதும் சமமாகாதது இதனால்தான்.

2013இல் வந்த ஐ7-4600யூவையும், 2020இல் வந்த ஐ3-1115ஜி4ஐயும் பாருங்கள். இரண்டிலும் இரண்டு கோர்கள்தான். முன்னையதன் உச்ச வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ், கேஷ் 4 எம்.பி. பின்னையதில் 4.1 கிகாஹேர்ட்ஸ், 6 எம்.பி. இங்கே ஐ3தான் வேகமானது.

கேஷ் என்பது அடுப்பருகே இருக்கும் உப்புப் போத்தல். ரேம், குசினி அலுமாரி. ஹார்ட் டிஸ்க், டவுன் கடை. தேவையான தரவு பக்கத்தில் இல்லாவிட்டால் எவ்வளவு வேகமான புரொசசரும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே 4 ஜி.பி. ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினில், ரேமை 8 ஜி.பி. ஆக்கி எஸ்.எஸ்.டி. போட்டாலே பெரிய மாற்றம் தெரியும்.

அடுத்தது ட்ரான்சிஸ்டரின் அளவு. அது சிறிதாகும்போது அதே வேலைக்குக் குறைந்த மின்சாரம் போதும், சூடும் குறையும். சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி தலைமையில் உருவான 'சக்தி' புரொசசர்கள் 2018இல் இரண்டு விதமாக வெளிவந்தன: இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரிலும், சண்டிகருக்கு அருகே 180 நானோமீட்டரிலும். எவ்வளவு நல்ல வடிவமைப்பும் அதை அச்சிடும் ஆலையின் திறனைத் தாண்ட முடியாது.

சூடும் முக்கியம். புரொசசர் எல்லை மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசி அடைத்த விசிறியும், மெத்தைமேல் வைத்துப் பாவிப்பதும் இதைத்தான் செய்கின்றன.

பணம் கொடுக்குமுன் மூன்றைப் பாருங்கள். முதலாவது தலைமுறை: ஐ7-4600 என்றால் 4ஆவது, ஐ3-1115 என்றால் 11ஆவது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெலில் பொதுவாக 8ஆவது தலைமுறையாவது வேண்டும். இரண்டாவது, ரேமும் எஸ்.எஸ்.டி.யும். மூன்றாவது, கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, சூட்டையும் விசிறிச் சத்தத்தையும் கவனியுங்கள். ஸ்டிக்கரைக் கடைசியில் பார்த்தால் போதும்.