யமுனையின் அக்கரையில்

டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் சுற்றுலாவில் எங்கள் பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் ஓய்வூதியர்கள். தாஜ்மகாலின் பின்புறம் நின்று, யமுனையின் அக்கரையைக் காட்டி வழிகாட்டி சொன்னார்: "அங்கேதான் ஷாஜகான் தனக்காகக் கறுப்பு தாஜ்மகால் கட்டத் தொடங்கினார்."

பிரெஞ்சில் படித்த எனக்கு உடனே தவெர்னியே நினைவுக்கு வந்தார். இந்த பிரெஞ்சு வைர வியாபாரியின் பயண நூல் 1676-இல் பாரிசில் வெளியானது. ஷாஜகான் அக்கரையில் தன் சமாதியைத் தொடங்கியதாகவும், மகன்களோடு மூண்ட போரால் அது நின்றதாகவும் அதில் எழுதியிருக்கிறார். கறுப்புக் கல் என்பது பிற்காலத்தார் சேர்த்தது. 20,000 பேர் 22 ஆண்டு உழைத்தார்கள் என்று வழிகாட்டிகள் ஒப்பிக்கும் கணக்கும் அவருடையதே. கோப்பில் ஒருவர் எழுதிய குறிப்பை அடுத்தடுத்த குமாஸ்தாக்கள் அப்படியே நகலெடுப்பது போலத்தான் இதுவும்.

1990களில் அக்கரையிலுள்ள மெஹ்தாப் பாக்கில் அகழாய்வு நடந்தது. கிடைத்தது தோட்டமும், தாஜ்மகாலின் பிம்பம் விழும்படி அமைத்த எண்கோணக் குளமும். சமாதியின் அடையாளமே இல்லை.

1658 முதல் ஆக்ரா கோட்டையில் சிறைப்பட்டிருந்த ஷாஜகான் 1666-இல் இறந்து, மனைவியின் பக்கத்திலேயே அடக்கமானார். கறுப்பு தாஜைவிட இந்த உண்மைதான் என் மனதைத் தொடுகிறது.

ஆக்ரா போகிறவர்கள் மாலையில் அக்கரைக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.