அஞ்சுவண்ணத்து அண்டை வீட்டார்: கொச்சி யூதர்களின் வாழ்வும் நமக்கான படிப்பினையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



இன்று நம் இல்லங்களில் ‘யூதர்’ என்னும் சொல் பெரும்பாலும் பலஸ்தீனச் செய்திகளோடு மட்டுமே ஒலிக்கிறது. பலஸ்தீன மக்களின் துயரம் கண்டு நம் உள்ளம் வாடுவது ஈமானின் இயல்பு. ஆயினும், அச்செய்திகளை மட்டுமே கேட்டு வளரும் நம் பிள்ளைகள் ஓர் அரசின் செயலையும் ஒரு சமயத்தாரின் வாழ்வையும் பிரித்தறியாதவர்களாக ஆகிவிடலாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் தரும் கட்டளை. நீதி செலுத்த வேண்டுமாயின் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

அறிவதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் சென்று ரயில் ஏறினால், பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து ஒரு பகலுக்குள் கொச்சியை அடைந்துவிடலாம். அங்கே நூற்றாண்டுகளாக யூதர்கள் வாழ்ந்தனர். அவர்களுக்கு அண்டை வீட்டாராக முஸ்லிம்கள் வாழ்ந்தனர்.

ஒரே செப்பேட்டில் கையொப்பம்

கி.பி. 849-இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்திலிருந்த தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவப் பள்ளிக்கு உரிமைகள் வழங்கிச் செப்பேடு அளித்தார். அதற்குச் சாட்சிகளாக நின்ற வணிகர்களில் சிலர் கூஃபி எழுத்தில் அரபு மொழியிலும், சிலர் பஹ்லவியிலும், சிலர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியிலும் கையொப்பமிட்டுள்ளனர். கடல் கடந்து வந்த பல சமயத்தார் ஒரே ஆவணத்திற்குச் சாட்சி நின்ற காலம் அது.

அச்செப்பேட்டில் ‘அஞ்சுவண்ணம்’ என்னும் வணிகக் குழுவின் பெயர் வருகிறது. மேற்காசியாவிலிருந்து வந்த யூதர், கிறித்தவர், முஸ்லிம், பார்சி வணிகர்களின் கூட்டமைப்பு அது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை உள்ளிட்ட 72 உரிமைகளையும் வழங்கினார். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அச்செப்பேடு யூதர்களின் பெரும் செல்வமாகக் காக்கப்பட்டு வந்தது.

இப்பெயர் நமக்கும் அந்நியமானதன்று. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் மிகப் பழைய சான்றாகக் கருதப்படும் பல்சந்தமாலையில் அஞ்சுவண்ணத்தார் குறிக்கப்படுகின்றனர். தக்கலையில் முஸ்லிம்கள் வாழும் பகுதிக்கு இன்றும் அப்பெயர் வழங்குகிறது. தோப்பில் முகமது மீரான் தம் நாவல் ஒன்றிற்கு ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்றே பெயரிட்டார். யூதத் தலைவரின் செப்பேட்டிலும் நம் மக்களின் தெருப் பெயரிலும் இருப்பது ஒரே சொல்.

பள்ளியும் பண்டிகையும்

கொச்சி யூதர்கள் தம் வழிபாட்டுத் தலத்தைப் ‘பள்ளி’ என்றே அழைத்தனர். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடனேயே உள்ளே நுழைந்தனர். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசிப் பள்ளி, கொச்சி மன்னரின் அரண்மனையை ஒட்டியே அமைந்துள்ளது. அதன் மணிக்கூண்டு 1760-இல் எழுப்பப்பட்டது. தரையில் பதித்துள்ள நீலவண்ணக் கற்கள் சீனத்திலிருந்து வந்தவை.

வெள்ளிக்கிழமை கதிரவன் மறைந்ததும் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கும். நம்மைப் போன்றே அவர்களுக்கும் நாள் என்பது மாலையில் பிறக்கிறது. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுவதில்லை, வணிகம் இல்லை. ஆண்குழந்தைக்கு எட்டாம் நாள் கத்னா செய்வர். பன்றி இறைச்சியை உண்பதில்லை; உரிய முறையில் அறுக்கப்பட்ட இறைச்சியையே உண்பர். இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணாதிருப்பது அவர்களுக்கே உரிய சட்டம்.

மூஸா (அலை) அவர்களின் சமூகத்தாரை ஃபிர்அவ்னிடமிருந்து இறைவன் மீட்டதை நினைவுகூரும் பண்டிகை பெஸாஹ். புளித்த மாவு சிறிதும் வீட்டில் இருத்தல் கூடாது என்பதால், கொச்சி யூதப் பெண்கள் பல வாரங்கள் முன்னதாகவே வீட்டைத் துப்புரவாக்கத் தொடங்கிவிடுவர். அரிசியை மணி மணியாகப் பொறுக்கித் தூய்மை செய்வர். அப்பண்டிகைக்கென்றே தனிப் பாத்திரங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். தவ்ராத்தை ஓதி முடித்து மீண்டும் தொடங்கும் சிம்ஹத் தோரா நாளில், வேதச் சுருள்களை ஏந்திப் பள்ளியின் வெளிமுற்றத்தையும் வலம் வருவது கொச்சியின் தனி மரபு.

இவற்றைப் படிக்கையில் ஆஷூரா நோன்பு நினைவிற்கு வராமல் இராது. மூஸா (அலை) அவர்கள் மீட்கப்பட்டமைக்கு நன்றியாக மதீனத்து யூதர்கள் நோன்பு நோற்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மூஸாவுக்கு நாமே மிக நெருக்கமானவர்கள் என்று கூறித் தாமும் நோற்று, மக்களையும் நோற்கப் பணித்தார்கள்.

குடும்ப மரபைக் காத்தவர்கள் பெண்களே. திருமணத்திலும் பண்டிகையிலும் பாடும் மலையாளப் பாடல்களை அவர்கள் கையெழுத்து ஏடுகளில் எழுதித் தாய் மகளுக்கும் மகள் பேத்திக்குமாக வழங்கி வந்தனர். பேராசிரியர் ஸ்கரியா சக்கரியா போன்றோர் பிற்காலத்தில் அவற்றைத் தொகுக்க முடிந்ததற்கு அந்த ஏடுகளே காரணம்.

மறைக்கலாகாத பக்கங்கள்

வரலாற்றை இனிப்பாக மட்டும் எழுதுதல் நேர்மையன்று. 1524-இல் கொடுங்கல்லூரில் யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட சச்சரவில், முஸ்லிம்கள் யூதர்களின் வீடுகளையும் பள்ளிகளையும் தீக்கிரையாக்கினர். இதனை நமக்கு எழுதி வைத்தவர் பொன்னானியின் மார்க்க அறிஞர் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம். போர்ச்சுக்கீசியரின் கொடுமைகளை விரித்துரைத்த ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ என்னும் அதே நூலில், தம் மக்கள் செய்ததையும் அவர் விடாது பதிந்தார். அப்போர்ச்சுக்கீசியரே 1662-இல் பரதேசிப் பள்ளிக்கும் தீ வைத்தனர். முஸ்லிம்களும் யூதர்களும் ஒருசேர அஞ்சிய பகைவர் அவர்கள்.

யூதர்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என்று கருதப்பட்டவர்களுக்குப் பரதேசிப் பள்ளியில் சம இடம் மறுக்கப்பட்டது. அவ்வழியில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் காந்தியின் அறப்போர் முறையில் அதனை எதிர்த்துப் போராடினார். ஒரே இறைவனை வணங்குவோரிடையேயும் குலப்பெருமை நுழைந்துவிடும் என்பதற்கு இது சான்று. நம் ஜமாஅத்துகளும் தம்மை இக்கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

அண்டை வீட்டாரின் அமானிதம்

1950-களின் நடுப்பகுதியில் கேரள யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களை எவரும் துரத்தவில்லை. மாளாவில் இருந்தோர் 1955-இல் புறப்படுகையில் தம் பள்ளியை ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துச் சென்றனர். கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே உள்ள சேந்தமங்கலத்தில் யூதப் பள்ளி இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. மட்டாஞ்சேரியில் எஞ்சியோர் ஒருசிலரே.

அத்தெருவில் ஓய்வுநாளுக்குரிய துணிகளில் பூவேலை செய்து விற்று வந்த மூதாட்டி சாரா கோஹன், 2019-இல் 96 வயதில் மறைந்தார். முதுமையில் அவருக்குத் துணையாக இருந்து, மறைவிற்குப் பின் அவருடைய கடையைக் காத்து வருபவர் ஒரு முஸ்லிம் சகோதரர். கொல்கத்தாவிலும் யூதப் பள்ளிகளைப் பெருக்கித் துடைத்துக் காத்து வருவோர் முஸ்லிம் பணியாளர்களே. 1881-இல் அங்கு நிறுவப்பட்ட யூதப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இன்று பயிலும் மாணவியரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே எனத் தோழர்கள் கூறியபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று வினவினார்கள். புகாரியில் இடம்பெறும் இந்நிகழ்வின் பொருளை அப்பணியாளர்கள் துடைப்பமும் சாவியும் ஏந்திய கைகளால் உரைத்து வருகின்றனர்.

பெற்றோரே, இவ்வரலாற்றை இரவு உணவின்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பலஸ்தீனத்திற்காகத் துஆச் செய்யும் நாவு, ஒரு சமயத்தார் முழுவதையும் சபிக்கும் நாவாக மாறிவிடாமல் காத்துக்கொள்ளுங்கள். நம் மூதாட்டியர் பாடிய தாலாட்டையும் நலுங்குப் பாட்டையும் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். அண்டை வீட்டார் எவராயினும் அவர்களுடைய உரிமை நம்மிடம் உள்ள அமானிதம்; அதனைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.