பேய் வீட்டில் பயமுறுத்துவது பொம்மையா, லைட்டா? கரண்ட் போனால் என்ன ஆகும்?

தென் மாவட்டத் திருவிழாக்களில் ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளக் கடை வரிசையில் 'பேய் வீடு'ம் வந்துவிடுகிறது. மணியாச்சி, கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்தில் கொடைக்கோ பள்ளி ஆண்டு விழாவுக்கோ சொந்தமாகவே ஒரு செட் போட்டுப் பார்க்கலாமே என்று இளைஞர்களுக்குத் தோன்றலாம். ஒரு ஷெட், நாலு கறுப்புத் துணி, இரண்டு முகமூடி, சவுண்ட் சர்வீஸில் வாடகைக்கு எடுத்த லைட். இது போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள்.

ஆனால் பேய் வீட்டில் பாதிக்கு மேல் வேலை செய்வது லைட்தான். அதைத் தப்பாகப் போட்டால் ஆபத்தும் அங்கிருந்தே தொடங்கும். குறைந்த செலவில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

வெயிலில் இருந்து உள்ளே வந்தால் ஏன் ஒன்றும் தெரிவதில்லை?

நம் கண்ணுக்குள் இரண்டு வகை செல்கள் உள்ளன. ஒன்று வெளிச்சத்தில் நிறம் பார்க்கும். இன்னொன்று மங்கலில் உருவம் பார்க்கும். இருட்டுக்கு ஏற்ற இரண்டாவது வகை முழுத் திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். கரிசல் காட்டு வெயிலில் நின்றவர் சட்டென்று இருட்டறைக்குள் வந்தால், கொஞ்ச நேரம் அவருக்குத் தரைகூடத் தெரியாது. பொம்மையைப் பார்ப்பதற்கு முன்பே தடுக்கி விழுவார்.

அதனால் வாசலை அடுத்து மங்கலான ஒரு சிறு பாதை வைப்பது நல்லது. இரவுக் காட்சி என்றால் இந்தப் பிரச்சனை குறைவு.

மங்கலில் நம் கண் நீலம், பச்சையைச் சீக்கிரம் பிடிக்கும். சிவப்பு கறுப்பாகவே தெரியும். இதைத்தான் பேய் வீட்டில் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அறை முழுக்க மங்கலான நீலம், பேய் நிற்கும் மூலையில் மட்டும் கொஞ்சம் பச்சை. இரண்டே இரண்டு எல்இடி பல்பில் முடிகிற வேலை இது.

கீழே இருந்து லைட் அடித்தால் முகம் ஏன் பயங்கரமாகத் தெரிகிறது?

சூரியனும் டியூப் லைட்டும் மேலே இருந்துதான் ஒளி தருகின்றன. மூக்கின் நிழல் கீழே விழுவதைப் பார்த்தே பழகியவர்கள் நாம். செல்போன் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்தால் நிழல் தலைகீழாகிவிடும். தெரிந்த முகம்கூட தெரியாத முகமாகிவிடும். சிறுவயதில் எல்லாரும் செய்து பார்த்த விளையாட்டுதான். பேய் வீட்டில் ஒரு சின்ன ஸ்பாட் லைட்டைத் தரையில் வைத்தால் அதே விளைவு கிடைக்கும்.

வேட்டியும் ஒரு பல்பும் போதும்

தோல்பாவைக்கூத்தில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு இருக்கும். பாவை திரையோடு ஒட்டி இருக்கும்போது உருவம் தெளிவாகத் தெரியும். விளக்கை நோக்கி நகர்த்தினால் நிழல் பெரிதாகி, விளிம்பு மங்கும்.

பேய் வீட்டுக்கும் இதுவே மலிவான உத்தி. ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாக இழுத்துக் கட்டி, பின்னால் ஒரே ஒரு எல்இடி பல்பு வையுங்கள். இடையில் ஒருவர் கையை விரித்தபடி பல்பை நோக்கிப் பின்வாங்கினால், ஆறடி ஆள் பத்தடி நிழலாக வளர்வார். பல்பு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு வைத்தால் இரண்டு நிழல் விழுந்து ஏமாற்று வெளிப்பட்டுவிடும்.

கண்ணாடிக்குள் பேய்: 160 ஆண்டு பழைய வித்தை

1862 டிசம்பர் 24 அன்று லண்டனின் ராயல் பாலிடெக்னிக் அரங்கில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் ஒரு பேயைத் தோன்ற வைத்தார். இந்த உத்தியை முதலில் யோசித்தவர் ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளர். ஆனால் பெயர் நிலைத்தது 'பெப்பரின் பேய்' என்றுதான்.

விஷயம் எளிது. பார்வையாளருக்கு எதிரே ஒரு கண்ணாடியை 45 டிகிரி சாய்வாக நிறுத்த வேண்டும். பக்கவாட்டில், அவர்கள் கண்ணுக்குப் படாத ஒரு கறுப்பு அறை. அதில் வெள்ளை உடையில் ஒருவர் நிற்பார். அவர் மீது லைட் விழுந்ததும் அவருடைய பிம்பம் கண்ணாடியில் பட்டு, எதிரே இருக்கும் அறைக்குள் நிற்பதுபோல் தெரியும். லைட்டை மெல்லக் குறைத்தால் பேய் கரைந்துவிடும். 2014 மக்களவைத் தேர்தலில் பல ஊர்களில் ஒரே நேரத்தில் காட்டப்பட்ட மோடியின் 'ஹாலோகிராம்' உரைகளுக்கும் அடிப்படை இதே உத்திதான். கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய படலம் பயன்பட்டது.

வீட்டில் செய்பவர்கள் ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி வைக்கக் கூடாது. இருட்டில் யாராவது மோதினால் உடைந்து கிழித்துவிடும். அக்ரிலிக் ஷீட் போதும். மூன்றடி முன்னால் ஒரு கயிறும் கட்ட வேண்டும்.

யுவி லைட்: எது வாங்கலாம், எது கூடாது?

வெள்ளைச் சட்டை ஊதா வெளிச்சத்தில் பளீரென்று மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். துணி சோப்புத் தூளில் இருக்கும் வெளுப்பூட்டும் ரசாயனம்தான் காரணம். ரூபாய் நோட்டின் எண்கள் யுவியில் ஒளிர்வதும் இதே தத்துவம்தான். எலும்புக்கூடு வரைய ஃப்ளோரசன்ட் பெயின்ட் இருந்தால் போதும்.

வாங்க வேண்டியது 365 முதல் 395 நானோமீட்டர் வரை உள்ள 'பிளாக் லைட்'. கொரோனா காலத்தில் கிருமி கொல்ல விற்கப்பட்ட யுவி-சி டியூப்பை எக்காரணம் கொண்டும் போடக் கூடாது. அதன் அளவு 254 நானோமீட்டர். கண்ணையும் தோலையும் எரித்துவிடும். எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்பதால் அந்த நேரத்தில் யாருக்கும் புரியாது.

வெட்டி வெட்டி எரியும் லைட்: கவனம்!

டிஜே செட்டில் வரும் ஸ்ட்ரோப் லைட் பேய் வீட்டுக்கும் வந்துவிட்டது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னிய ஒரு காட்சி ஒளிபரப்பானது. 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள்.

ஒளியால் தூண்டப்படும் வலிப்பு சிறுவர்களிடமும் பதின்ம வயதினரிடமும்தான் அதிகம். பேய் வீட்டுக்கு ஆசையாக வருவதும் அவர்கள்தான். நொடிக்கு 3 மின்னலுக்கு மேல் வேண்டாம். 'மின்னும் விளக்கு உண்டு, வலிப்பு உள்ளவர்கள் தவிர்க்கவும்' என்று வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

லைட் எரியாததால் 8 பேர் இறந்தார்கள்

1984 மே 11, அமெரிக்காவின் நியூஜெர்சி. கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில் 'ஹான்டட் கேஸில்' என்ற பேய் வீடு. லாரி டிரெய்லர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியது. உள்ளே ஒரு ஸ்ட்ரோப் லைட் வேலை செய்யவில்லை. இருட்டில் வழி தெரியாத ஒரு சிறுவன் சிகரெட் லைட்டரைப் பற்றவைக்க, சுவரில் இருந்த ஃபோம் தீப்பிடித்தது என்று விசாரணையில் தெரிந்தது. பதின்ம வயதினர் 8 பேர் இறந்தார்கள். தண்ணீர் தெளிக்கும் தானியங்கி அமைப்பு அங்கே இல்லை.

1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் இறந்ததற்கும் வெளியே போகும் வழி அடைபட்டதும் அவசர விளக்கு இல்லாததும் முக்கியக் காரணங்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, கீற்றுக் கூரையில் பரவியது.

பேய் வீட்டில் இந்த மூன்றுமே ஒன்றாகச் சேர்ந்துவிட முடியும்: இருட்டு, வளைந்து போகும் குறுகிய வழி, எளிதில் பற்றும் துணியோ கீற்றோ. எனவே பயமுறுத்தும் லைட்டும் வழிகாட்டும் லைட்டும் ஒரே ஒயரில் இருக்கவே கூடாது. மெயின் கரண்ட் போனதும் தானாக எரியும் பேட்டரி எமர்ஜென்சி லைட் ஒவ்வொரு திருப்பத்திலும் வேண்டும். அது 'கிக்'கைக் குறைக்கிறது என்று அணைத்து வைக்கக் கூடாது.

கரிசல் மண்ணில் எர்த் சரியாக இருக்குமா?

கோடையில் கரிசல் மண் வெடித்து, எர்த் குழியைச் சுற்றி விலகி நிற்கும். காய்ந்த மண்ணில் மின்சாரம் சரியாக இறங்காது. குழியில் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே டிரிப் ஆகும் ஆர்சிசிபி கட்டாயம். பார்வையாளர் கைபடும் இடங்களில் 230 வோல்ட் ஒயர் வேண்டாம். அடாப்டர் வைத்த 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் போதும்.

தெருவிளக்குக் கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135-இன்படி திருட்டு. தற்காலிக இணைப்புக்கு மின்வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம்.

பேய் வீடு போடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

* 500 வாட் ஹாலஜன் ஃபோகஸ் லைட் வேண்டாம். அதன் சூட்டில் துணி கருகிப் பற்றும். எல்இடி மட்டும் போடுங்கள்.
* புகைக்காகச் சாம்பிராணிக் கரி, சூடம், மெழுகுவர்த்தி கூடாது. தீப்பெட்டித் தொழில் நடக்கும் வட்டாரம் இது. ஒரு பொறி என்ன செய்யும் என்று தெரியாதவர்கள் இல்லை.
* தீப்பெட்டி அட்டை, குச்சி, காகிதம் அடுக்கிய ஷெட்டில் செட் போடாதீர்கள்.
* கீற்று, தெர்மாகோல், ஃபோம் தவிர்க்கவும்.
* நுழைய ஒரு வழி, வெளியேற இன்னொரு வழி. இரண்டையும் பூட்டக் கூடாது.
* ஒரு முறைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் அனுப்ப வேண்டாம். உள்ளே போனவர், வெளியே வந்தவர் கணக்கு வாசலில் இருக்க வேண்டும்.
* எல்லா லைட்டையும் ஒரே நொடியில் போடும் ஒரு சுவிட்ச், அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள்.
* டிக்கெட் போட்டு மக்களை விடுவதென்றால் உள்ளாட்சி, காவல்துறை, தீயணைப்புத் துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்.

திறப்பதற்கு முந்தைய நாள் இரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். செட்டுக்குள் நாலு பேரை அனுப்பிவிட்டு, சொல்லாமல் மெயினை ஆஃப் செய்யுங்கள். செல்போன் டார்ச் இல்லாமல் அவர்கள் ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டால் செட் தயார். வரவில்லை என்றால் வழியை மாற்றிவிட்டுத்தான் டிக்கெட் அடிக்க வேண்டும்.

அவசர உதவிக்கு: தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987.