மூன்று லட்சத்தில் தொடங்கிய கணக்கு

ஒவ்வொரு செமஸ்டரிலும் எங்கள் வகுப்பில் தவறாமல் ஒரு கேள்வி கேட்கும். "ஸ்காலர்ஷிப் வந்துடுச்சாடா?" பெரும்பாலும் "இன்னும் இல்ல" என்பதுதான் பதில். போன வருடம் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று என் நண்பனிடம் சொல்லிவிட்டார்கள். அவன் அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார். உதவித்தொகை நான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. வட்டியை யார் தருவார்கள்?

இந்தப் பணம் எங்கே கிளம்புகிறது, ஏன் தாமதமாகிறது என்று தேடிப் படித்தேன். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான உதவி, 1944-ல் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் அம்பேத்கர். ஆனால் கதை அதற்கும் முன்னால், அவர் மாணவராக இருந்தபோதே ஆரம்பிக்கிறது.

1913-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகையில்தான் அம்பேத்கர் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் 11.5 பவுண்டு, மூன்று வருடங்களுக்கு. பிறகு லண்டனுக்குச் சென்றார். அங்கே படிப்பு முடியும் முன்பே உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. 1917-ல் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

அதன் பிறகு 1918-ல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அது ஒரு வணிகவியல் கல்லூரி என்பதில் பி.காம் படிக்கும் எனக்குத் தனி சந்தோஷம்! அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவினார், ஒரு நண்பரிடம் கடனும் வாங்கினார். 1920-ல் மீண்டும் லண்டன் போய் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பணம் நின்றால் படிப்பு எப்படி நிற்கும் என்பது அவருக்குச் சொந்த அனுபவம்.

1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே ஆண்டு வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு கோரிக்கை மனு கொடுத்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தருகிறது. தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கும் அப்படி ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்பது அதில் ஒரு வாதம். கவனியுங்கள், அவர் தர்மம் கேட்கவில்லை. அரசு ஏற்கெனவே செலவழிக்கும் பணத்தில் பங்கு கேட்டார். 1944-ல் ஆண்டுக்கு 3 லட்சம் ஒதுக்கப்பட்டது. 1948-49-ல் பழங்குடி மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

மன்னரின் மனசைப் பொறுத்திருந்த உதவி, அரசின் பட்ஜெட்டில் ஒரு வரியாக மாறியது. இதுதான் பெரிய மாற்றம். ஆனால் பட்ஜெட் வரி என்றால் அதற்கு ஒரு கணக்கு முறை இருக்கும் அல்லவா? சிக்கல் அங்கேதான் வந்தது.

ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் 'கமிட்டட் லயபிலிட்டி' என்று ஒரு முறை இருந்தது. ஒரு மாநிலம் ஒரு திட்டத்தின் கடைசி ஆண்டில் 100 கோடி செலவு செய்ததாக வைத்துக்கொள்வோம். அடுத்த ஐந்து வருடமும் ஆண்டுக்கு அந்த 100 கோடி மாநிலத்தின் பொறுப்பு. செலவு 130 கோடி ஆனால், கூடுதலான 30 கோடியை மட்டும் மத்திய அரசு தரும். அடுத்த திட்டம் வந்தால் அந்த 130-ம் மாநிலத்தின் தலையில். படிக்க வரும் பிள்ளைகள் பெருகப் பெருக மாநிலத்தின் சுமை ஏறும்.

12-வது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தபோது இந்தச் சுமை ஒரேயடியாகக் கூடியது. பல மாநிலங்கள் திணறின, நிலுவை சேர்ந்தது. 2017-18 முதல் 2019-20 வரை மத்திய உதவி ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடிதான் என்று பின்னர் வந்த அரசு அறிவிப்பே சொன்னது.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இந்த முறையைக் கைவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு நிர்ணயமானது. மொத்தம் 59,048 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 35,534 கோடி. பணத்தை மாணவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புவது என்றும் முடிவானது. நல்ல திருத்தம்தான். இதைப் பெற 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம்.

வகுப்பில் 'பணத்தின் கால மதிப்பு' என்று ஒரு பாடம் நடத்தினார்கள். இன்றைய ஆயிரம் ரூபாயும் அடுத்த வருட ஆயிரம் ரூபாயும் ஒன்றல்ல என்பதுதான் அதன் சாரம். உதவித்தொகைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. தேர்வுக்கு முன்னால் வந்தால் அது படிப்பு. தேர்வு முடிந்து வந்தால் அது பழைய கடனை அடைக்கும் பணம், அதுவும் வட்டி போக.

எவ்வளவு கோடி ஒதுக்கினார்கள் என்று செய்திகளில் படிக்கிறோம். எந்தத் தேதியில் மாணவன் கைக்கு வந்தது என்பதையும் கேட்கப் பழகுவோம். 1917-ல் லண்டனிலிருந்து பாதிப் படிப்போடு கப்பல் ஏறிய அந்த மாணவருக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரிந்திருக்கும்.